தரைக்கு ஒரு சாண் மேலே

இங்கிலாந்தில் இருந்த பதினோரு ஆண்டுகளில் என்னிடம் இரண்டு கார்கள் இருந்தன. இரண்டுமே கிட் கார்கள். பெட்டிகளில் உதிரிகளாக வரும், நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த ஒரு கூடு, அதன்மேல் ஃபைபர் ஓடு, ஏதோ பழைய காரிலிருந்து கழற்றிய எஞ்சின், அவ்வளவுதான் வண்டி. கூரை இல்லை, கதவு இல்லை. பக்கச் சுவரைக் காலைத் தூக்கித் தாண்டி உள்ளே இறங்க வேண்டும். உட்கார்ந்தால் தரை ஒரு சாண் கீழே இருக்கும். பக்கத்தில் லாரி வந்து நின்றால் அதன் சக்கரம்தான் கண்ணுக்கு நேரே தெரியும்.

இதை எழுதுவது திருவனந்தபுரம் கரமனையில், அம்மா படுத்திருக்கும் அறைக்கு அடுத்த அறையில். எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று சுவர் பகிர்ந்து நிற்பவை. இரண்டு பக்கமும் சன்னல் வைக்க வழியில்லை. முன்னால் தெரு, பின்னால் கிணறு, நடுவில் பகலிலும் விளக்கு போட்டுக்கொள்ளும் அறைகள். அம்மா கூப்பிட்டால் நான் எந்த அறையில் இருந்தாலும் கேட்கும். நான் இருமினால் அம்மாவுக்குக் கேட்கும்.

முதல் வண்டி சிவப்பு. யாரோ கட்டி, வேறு யாரோ ஓட்டி, மூன்றாவதாக என்னிடம் வந்தது. நான் ஐந்தடிக்கும் குறைவு. அந்த ஊரில் நாற்காலி, மேசை, சமையலறை அலமாரி எதுவுமே எனக்கு எட்டாது. மற்றவர்களின் காரில் நான் ஏறினால் தலையணை வைத்துக்கொண்டால்தான் சாலை தெரியும். இந்த வண்டியில் இறங்கி உட்கார்ந்த முதல் நாள், என்னை அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. பழைய உரிமையாளர் கைகுலுக்கிவிட்டு, "மழை வந்தால் நனைவாய், வெயில் வந்தால் கருகுவாய்" என்றார். நான் திருவனந்தபுரத்துக்காரி, இரண்டும் பழக்கம்தான் என்றேன்.

ஒருமுறை மலைச்சாலையில், நல்ல மழையில், ஆக்ஸிலரேட்டர் கேபிள் அறுந்துவிட்டது. மிதித்தால் கால் சும்மா உள்ளே போனது. ஷூவிலிருந்து நாடாக்களை உருவி ஒன்றாக முடிச்சுப் போட்டேன். எஞ்சினில் கேபிள் இழுக்கும் இடத்தில் ஒரு முனையைக் கட்டி, எஞ்சின் மூடியின் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, மறுமுனையை வலதுகையில் சுற்றிக்கொண்டேன். நாடாவை இழுத்தால் வண்டி போகும், விட்டால் மெதுவாகும். அப்படியே பன்னிரண்டு மைல் ஓட்டி வீடு சேர்ந்தேன். உடம்பில் நனையாத இடம் இல்லை. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தது நினைவிருக்கிறது.

இரும்புக்கூடு துருவேறியதும் அதை விற்றுவிட்டு, இரண்டாவதை நானே கட்டினேன். பதினேழு பெட்டிகள் வந்தன. வீட்டுக்குப் பின்னால் ஒரு கராஜை வாடகைக்கு எடுத்து, இரண்டு குளிர்காலம் அதிலேயே கிடந்தேன். பெடல்களை என் கால் நீளத்துக்குப் பொருத்தினேன். ஓட்டுக்குக் கத்தரிப்பூ நிறம் அடித்தேன். எனக்கு மிகப் பிடித்தது ஒயரிங்தான். ஒவ்வொரு ஒயரிலும் வெள்ளை டேப் ஒட்டி அது எங்கே போகிறது என்று எழுதினேன். அங்கே தனியாக, யாரும் பார்க்காத இடத்தில் எழுதியதாலோ என்னவோ, எல்லாவற்றையும் தமிழில் எழுதியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான் படித்தேன். தமிழ் எழுத்து அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்தது.

வண்டியைச் சாலையில் விட அனுமதி தரும் அரசுப் பரிசோதனையில் முதல்முறை தோற்றேன். போல்ட் முனைகள் மூடாமல் இருக்கின்றன, நடந்து போகிறவர்மேல் இடித்தால் கீறும் என்றார் பரிசோதகர். எல்லா முனைக்கும் பிளாஸ்டிக் குல்லா மாட்டிக்கொண்டு போய் இரண்டாம்முறை ஜெயித்தேன். அன்றைக்கு அம்மாவிடம் போனில் சொன்னபோது அவள் கேட்டாள்:

"கார் வாங்கினயா, செஞ்சயா?"

"செஞ்சேன்மா."

"ஏன், அங்க கடைல கார் கிடைக்காதா?"

அம்மாவுக்குக் காரைப் பற்றி அதற்குமேல் எதுவும் தெரியாது, கேட்கவும் இல்லை. அப்பா போய்ப் பல வருடமாகிவிட்டது. நான் ஒரே பெண், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போனில் அவள் கேட்பது எப்போதும் ஒன்றுதான், எப்ப வரே என்று.

இரண்டரை வருடத்துக்கு முன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. ஒரு மாத விடுப்பில் வந்தேன். ஆபரேஷன் நன்றாக நடந்தது, ஆனால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய் வருவதற்குமேல் அவளால் முடியவில்லை. மூன்று ஹோம் நர்ஸ்களை வைத்துப் பார்த்தேன். ஒருத்தியையும் அம்மா ஒரு வாரத்துக்குமேல் நிற்க விடவில்லை. ஒரு மாதம் மூன்றானது. அங்கே வேலையை விட்டேன். இங்கே ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன்.

வண்டியை இங்கே கொண்டுவர முடியுமா என்று கொச்சியில் ஒரு ஏஜென்டிடம் விசாரித்தேன். என்ன கம்பெனி, எந்த வருட மாடல் என்று கேட்டார். கம்பெனி இல்லை, நான்தான் செய்தேன், அதற்கு வருடம் என்று ஒன்று கிடையாது என்றேன். இங்கிலாந்தில் பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியதற்கு, வயது தெரியாதது என்று தனியாக ஒரு எழுத்தில் நம்பர் கொடுப்பார்கள். "மேடம், இதெ ஆர்.டி. ஆபீஸ்ல போய்ப் பறயண்டா, சொல்லவே வேண்டாம். வெறுதே உங்களுக்குத்தான் பிரச்னம்," என்றார் ஏஜென்ட்.

இங்கிலாந்து வீட்டைக் காலிசெய்யப் பத்து நாள் போயிருந்தபோது வண்டியை விற்றேன். வாங்கியவர் ஓய்வுபெற்ற தபால்காரர், ஏறக்குறைய என் உயரம்தான். பக்கச் சுவரைத் தாண்டி இறங்கிக் காலை நீட்டினார். பெடல் சரியாக எட்டியது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு யாருக்கும் காட்டவேண்டாம் என்று முடிவு செய்தேன்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை, இரண்டு நாள் கம்பெனி பஸ். ஏ.சி. பஸ், சன்னல் திறக்காது. கழக்கூட்டத்தை நெருங்கினால் பைபாஸில் அரைமணி, முக்கால் மணி அசையாமல் நிற்கும். உயரத்தில் உட்கார்ந்து கார்களின் தலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எஞ்சின் அதிர்வதே தெரியாது. ஆரம்பத்தில் வெளியே பார்ப்பேன். பிறகு திரையைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளப் பழகிவிட்டேன். வீட்டிலும் அதேதான். விளக்கைப் போட்டு, அணைத்து, மருந்து, குளியல், கஞ்சி. ஒருநாள் அம்மாவுக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தபோது, என் வலதுகை அன்று ஷூ நாடாவைச் சுற்றிக்கொள்வது போல டவலைச் சுற்றிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். டவலை உதறி மடித்து வைத்தேன்.

இந்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் தபால்காரர் வீடியோவில் கூப்பிட்டார். அம்மா அப்போதுதான் சாப்பிட்டிருந்தாள். நான் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். பிரேக்கை மிதித்தால் இடது இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது, பெட்ரோல் முள் கீழே விழுகிறது, இரண்டு ஒர்க்‌ஷாப்பில் காட்டியும் பிடிபடவில்லை, ஒயர்களில் என்னவோ எழுதியிருக்கிறது, படிக்கத் தெரியவில்லை என்றார். போனை வண்டிக்கு அடியில் கொண்டுபோய்க் காட்டினார். அழுக்கேறிய டேப்புகள். என் கையெழுத்து.

என் மூக்குக்கண்ணாடி அடுத்த அறையில் இருந்தது. எடுத்து வர எழுந்தபோது அம்மா போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"பின் இடது," என்று படித்தாள். "அடுத்தது காட்டச் சொல்லு. பெட்ரோல் முள். அதுக்கடுத்தது என்னதுடி, மண்ணா? மண்ணுன்னு எழுதியிருக்கே."

"எர்த் ஒயர்மா. அதுதான், அதுதான்."

"முள்ளுக்கு ள்-ஐ இன்னும் கோணலாத்தான் எழுதற."

டேங்குக்கு அடியில் அந்த ஒயரை இரும்புக்கூட்டில் முடுக்கியிருக்கும் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டை உப்புத்தாளால் சுரண்டி, திரும்ப முடுக்கச் சொன்னேன். பெயின்ட்டின் மேலேயே முடுக்கியது என் தப்பு. கட்டி முடிக்கிற அவசரத்தில் செய்தது. இருபது நிமிடம் ஆயிற்று. அம்மா தூங்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தபால்காரர் பிரேக்கை மிதித்தார். முள் அசையாமல் நின்றது.

நன்றியாக ஒரு சுற்று கூட்டிப் போகிறேன் என்று சொல்லி, தபால்காரர் போனை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மாட்டினார். நானும் அம்மாவும் ஒரே தலையணையில் தலை வைத்துப் பார்த்தோம். ஈரமான குறுகலான சாலை, இரண்டு பக்கமும் வேலிச்செடி. தரை முகத்துக்கு நேரே ஓடி வந்தது. வளைவுகளில் அம்மா என் கையைப் பிடித்தாள். பத்து நிமிடத்துக்குப் பிறகு சிக்னல் போய், படம் உறைந்தது.

"இத்தனை தாழ உக்காந்துண்டா ஓட்டினே? பயமா இல்லையா?"

"இல்லைமா."

"நீ இங்க வந்ததிலேர்ந்து இப்படிச் சிரிச்சு நான் பார்க்கலை."

நான் போனை அணைத்தேன். அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஒண்ணு சொல்லணும். விழறதுக்கு முன்னே பழவங்காடிக் கோயிலுக்குப் போயிருந்தேன். நீ அங்கேருந்து மொத்தமா வந்துடணும்னு நேந்துண்டேன். வந்தா நூத்தியொண்ணு தேங்காய் உடைக்கறேன்னு பிள்ளையார்ட்ட சொன்னேன். மூணாம் மாசம் விழுந்தேன். நீ வந்தே. இப்படியாக்கும் அவர் நடத்திக் குடுத்தார்னு எனக்கு வெளில சொல்ல வாய் வரலை."

"நான் அங்க சந்தோஷமா இருந்தேன்மா."

"இன்னிக்குத்தானே பார்த்தேன்."

நான் அடுக்களைக்குப் போனேன். கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்துத் திரும்பக் கழுவினேன். நேர்ந்துகொண்டதால் யாரும் விழுவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கத்தரிப்பூ நிற வண்டிக்கு எதிராக எங்கேயோ உட்கார்ந்து ஒருத்தி வேண்டிக்கொண்டிருந்தாள், அவள் கேட்டது கிடைத்துவிட்டது என்பதைத் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் அவளோடு தேவைக்குமேல் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"சொன்னதைச் செய்யாம இருக்கப்படாது. என்னால நடக்க முடியாது. நீ போய் உடைச்சுட்டு வா."

"நான் இங்க மாட்டிண்டதுக்கு நானே தேங்காய் உடைக்கணுமா?"

அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்குத் திரும்பிப் படுக்க எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை போனேன். கோயிலுக்குப் பக்கத்துக் கடையில் நூற்றியொரு தேங்காய் கேட்டபோது, கடைக்காரர் ஆளை விட்டு உடைக்கச் சொல்லட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். கூடை கூடையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். ஓங்கி எறிய எறிய தேங்காய்த் தண்ணீர் முகத்தில் தெறித்தது. நாற்பதுக்குமேல் தோள் கழன்றது போல இருந்தது. அறுபதில் அழுதேன், யாரும் கவனிக்கவில்லை, அங்கே எல்லார் முகமும் ஈரம்தான். எண்பதுக்குமேல் எதுவும் தோன்றவில்லை, எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தேன்.

"காரியம் நடந்தாச்சா சேச்சி?" என்றார் கடைக்காரர், காலிக் கூடைகளை அடுக்கிக்கொண்டே.

"நடந்தாச்சு," என்றேன்.

வீட்டுக்கு வந்து, வேஷ்டித் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஹோம் நர்ஸ் வருவாள், காலையிலிருந்து சாயங்காலம் வரை இருப்பாள், அவளை நீ அனுப்பக் கூடாது. சண்டை வரும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"வரட்டும்," என்றாள் அம்மா.

சொன்னபடி அடுத்த வார ஞாயிறு நர்ஸ் எட்டு மணிக்கு வந்தாள். நெய்யாற்றின்கரைக்காரி, ஐம்பது வயது இருக்கும். மருந்து எங்கே, துணி எங்கே என்று காட்டிவிட்டு நான் வெளியே வந்தேன். தெருமுனையில் நின்றபோது எங்கே போவது என்று தெரியவில்லை. இரண்டரை வருடத்தில் எனக்கென்று போக ஓர் இடம் வைத்துக்கொள்ளவில்லை. வந்த பஸ்ஸில் ஏறினேன். கடைசி ஸ்டாப்பில் இறங்கி ஒரு சாயா குடித்தேன். கடற்கரைக்குப் போகலாமா என்று யோசித்தேன். மழை வரும்போல இருந்தது. அதே பஸ் திரும்பக் கிளம்பியதும் அதிலேயே ஏறி உட்கார்ந்தேன்.

வீட்டில் நர்ஸும் அம்மாவும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி பதினொன்று கூட ஆகவில்லை.

"இதுக்குள்ள வந்துட்டயா?" என்றாள் அம்மா.