வடக்குப் பார்த்த வெள்ளைப் பெட்டி

1991 ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணி இருபத்தைந்து நிமிடம். வானத்தில் மேகம் எட்டில் ஒரு பங்கு. தெற்கிலிருந்து லேசான காற்று. வெயில் அதற்குள் பிடரியைச் சுட ஆரம்பித்திருந்தது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்த பஸ்ஸை ஒரகடம் கூட்ரோட்டில் விட்டு இறங்கி, வழக்கம்போல ஏரிக்கரைப் பக்கம் நடந்தேன். கம்பி வேலிக்குள் நிற்கும் என் வெள்ளைப் பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டேன்.

பெட்டி அரசியலில் சேர்ந்திருந்தது!

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு விளக்கம். வேலையில் இருந்தவரை நான் தண்ணீர் விஞ்ஞானி. ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் டெல்லிக்கு ஒரு மனுப் போட்டேன். இந்த வட்டாரத்து ஏரிகளிலிருந்து வருஷத்துக்கு எவ்வளவு தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் போகிறது என்று அளக்க வேண்டும். அது தெரிந்தால், ஏரி நிரம்பிய வருஷத்தில் இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் மிஞ்சுமா மிஞ்சாதா என்று விவசாயிக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம். மூன்று வருஷத் திட்டம். எண்பத்தொன்பது ஏப்ரலில் ஆரம்பித்தோம்.

சாமான்கள் அதிகமில்லை. தண்ணீர் ஊற்றிய ஒரு வட்டத் தொட்டி. ஒரு மழைமானி. நாலு கால் வைத்த ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் தெர்மாமீட்டர்கள். காற்று உள்ளே வந்து போக நாலு பக்கமும் சாய்த்து வைத்த சட்டங்கள், பழைய வீட்டு ஜன்னல்களில் இருக்குமே, அதைப் போல. வெயிலை ஏற்காமலிருக்க வெள்ளைப் பெயிண்ட். நம் ஊரில் இதன் கதவு எப்போதும் வடக்குப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் — விஞ்ஞான விதி. இங்கே சாலையும் வடக்கில்.

வெள்ளையாக இருக்கிறது. சாலையைப் பார்த்து இருக்கிறது. தேர்தல் வருகிறது. ஒரு கட்சிக்கு இதைவிட என்ன வேண்டும்?

கதவில் நீலத்தில் எழுதியிருந்தார்கள்: 'ரிசர்வ் — 1991.' அடியில் கட்சியின் பெயர். எந்தக் கட்சி என்று எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த வாரம் இந்தப் பத்தியையும் யாராவது ரிசர்வ் செய்துவிடுவார்கள்.

அளவு எடுப்பவர் ஏழுமலை, உள்ளூர்க்காரர். ஒன்றரை ஏக்கர் நிலம். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை வந்து அளவு எடுப்பார். அவரைக் கேட்டேன்.

"எப்ப எழுதினாங்க, ஏழுமலை?"

"ஞாயித்துக்கெழம சார். நான் வேணாம்னுதான் சொன்னேன். 'உன் வூட்டுச் செவுரா இது?'ன்னு கேட்டாங்க. இல்லதானே சார்?"

இல்லைதான்.

எழுத்து மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். சாய்ந்த சட்டத்தில் எழுத்து நேராக வராதல்லவா? எழுதியவர் தொழில் தெரிந்தவர். இடுக்குகளில் பழைய நியூஸ் பேப்பரைத் திணித்து, மேலே சுண்ணாம்பு பூசிச் சமமாக்கி, அதற்கு மேல் எழுதியிருந்தார். காற்றுப் போக வழியில்லை. தெர்மாமீட்டர் ஞாயிறு முதல் இரண்டு டிகிரி கூடக் காட்டியது.

"வெயிலுதான் ஏறிக்கினு போவுதுன்னு நெனச்சேன் சார்" என்றார் ஏழுமலை.

இரண்டு பேரும் உட்கார்ந்து துடைப்பக் குச்சியால் பேப்பரை நோண்டி எடுத்தோம். ஒரு துண்டைப் பிரித்துப் பார்த்தேன். மத்திய அரசு ராஜினாமா செய்த செய்தி! தேசிய அரசியல் ஆராய்ச்சியைத் தடுக்கிறது என்று மேடைகளில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். கையால் இழுத்து வெளியே போட்டது இதுதான் முதல் தடவை.

எனக்குப் பதற்றம் வேறு காரணத்துக்காக. அடுத்த திங்கட்கிழமை டெல்லியிலிருந்து மதிப்பீட்டு அதிகாரி வருகிறார். அவர் பார்த்துச் சரி என்றால்தான் மூன்றாம் வருஷத்துப் பணம். அந்தப் பணம் இல்லையென்றால் முதல் இரண்டு வருஷமும் வீண். ஏனென்றால் முதல் வருஷத்துக் கணக்கு ஒன்று சொல்கிறது, இரண்டாம் வருஷத்துக் கணக்கு நேர்மாறாகச் சொல்கிறது. இரண்டு சாட்சிகள் ஆளுக்கொன்றாகச் சொன்னால், மூன்றாவது சாட்சியைக் கூப்பிடாமல் எந்த ஜட்ஜ் தீர்ப்புச் சொல்வார்? எனக்கு மூன்றாவது மழைக்காலம் வேண்டும்.

புதன்கிழமை புது வெள்ளைப் பெயிண்ட் அடித்தோம். பளிச்சென்று இருந்தது. எனக்கே பெருமை.

வியாழக்கிழமை காலை போய்ப் பார்த்தால்... சிவப்பு எழுத்து. 'ரிசர்வ் — 1991.' வேறு கட்சி!

இரண்டும் ஒரே ஆள் செய்த வேலை என்று கையெழுத்திலேயே தெரிந்தது. 'ரி'க்கு ஒரே மாதிரிக் கொக்கி. விசாரித்ததில் சுங்குவார்சத்திரத்து ஆர்டிஸ்ட் அருள்தாஸ் என்றார்கள். வெள்ளிக்கிழமை போனேன். பஸ் ஸ்டாப் டீக்கடையில், சைக்கிள் ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் பெயிண்ட் டப்பாவைத் தொங்கவிட்டு, பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சிலுவைச் செயின். விரல் பத்திலும் பத்துக் கலர்.

"ஏம்ப்பா, ஒரகடத்துப் பெட்டியில எழுதினது நீதானா?"

"எந்தப் பெட்டி சார்?"

"ஏரிக்கரைப் பக்கம். நாலு கால் வச்சு, வெள்ளையா..."

"அட, அந்தப் பொறாக் கூண்டா! நான்தான் சார். ரொம்ப பேஜாரு புடிச்ச வேலை சார் அது. சந்து சந்தா கீது. அடச்சு, பூசி, அப்புறமா எழுதணும். ஆனா செவுத்துக்குக் குடுக்கிற காசத்தான் குடுத்தானுங்க."

நான் அனுதாபப்பட வேண்டும் என்று எதிர்பார்த்தார். நான் கோபப்பட வந்தவன். டீக்கடைக்காரர் இரண்டுக்கும் நடுவில் எனக்கொரு டீ போட்டார்.

"நீலமும் நீ, சிவப்பும் நீ. ரெண்டு கட்சிக்கும் எழுதுவியா?"

"மூணு சார். நாலாவது ஆளு இன்னும் அட்வான்ஸ் தரல."

"நான் வெள்ளையடிச்ச மறுநாளே வந்து எழுதியிருக்கியே, நியாயமா?"

அருள்தாஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். படிக்காத ஆளோ என்று சந்தேகப்பட்ட மாதிரி இருந்தது.

"சார், வெள்ளையடிச்சா உடனே அது யாருதுன்னு எழுதணும். எழுதலன்னா காலி. காலியா இருந்தா எழுதுவானுங்க. இதான் சார் ரூலு. நீங்க அடிச்சு வுட்டுட்டுப் பேசாம போய்ட்டீங்க. யாரோ தர்மத்துக்கு அடிச்சு வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

டீக்கடையில் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், திங்கட்கிழமை என்ற ஒன்று இல்லாதிருந்தால்.

"இப்ப என்னதான்பா பண்றது?"

"நீங்களும் ரிசர்வ் பண்ணுங்க. எந்தக் கட்சி?"

"எனக்குக் கட்சி கிடையாது."

"அப்ப சுயேச்சை" என்று முடித்துவிட்டார்.

பெட்டியில் இனி ஒரு புள்ளி கலர்கூட விழக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். தனியாக ஒரு தகரப் பலகை. அதை வேலியில் கட்டுவது. 'இந்தப் பெட்டி ரிசர்வ். ஆவியாதல் ஆய்வு. 1991–92.' அவ்வளவுதான். பெட்டியில் இருப்பதைச் சுத்தமாகச் சுரண்டித் தருவதும் அவர் பொறுப்பு. சனிக்கிழமை முடிப்பதாக ஏசுவின் மேல் சத்தியம் செய்தார்.

சனிக்கிழமை வரவில்லை. ஞாயிறு வருஷப்பிறப்பு, நான் வீட்டில் வேப்பம்பூப் பச்சடியும் கவலையுமாக உட்கார்ந்திருந்தேன். அன்று சாயங்காலம் அவர் வந்து வேலையை முடித்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. ஆக, பலகையை நான் முதன்முதலாகப் பார்த்தது திங்கட்கிழமை காலை — டெல்லி அதிகாரியின் ஜீப்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தபடி.

பெட்டி பால் போல வெள்ளை. ஒரு குறை சொல்ல முடியாது. பலகையும் அழகுதான். நான் சொன்ன மூன்று வரியும் அப்படியே இருந்தன. அதற்குக் கீழே ஒரு பெரிய கறுப்புக் குடை. குடைக்குக் கீழே...

'வாக்களிப்பீர்!'

அதிகாரி கும்பகோணத்துக்காரர். டெல்லியில் இருபது வருஷம் இருந்தவர் என்றாலும் தமிழ் மறக்கவில்லை. நிறுத்தி நிதானமாக நாலு வரியையும் படித்தார்.

"சார்... நீங்க தேர்தல்ல நிக்கிறீங்களா?"

அரசாங்கப் பணத்தில் ஆராய்ச்சி செய்கிறவன் தேர்தலில் நின்றால் திட்டம் அந்த இடத்திலேயே காலி. ஏழுமலைதான் ஓடி வந்தார்.

"இது எதுக்குன்னு நான் கேட்டேன் சார். 'கீழ எடம் சும்மா கீது, வுட்டா வேற எவனாவது எழுதிடுவான்'னாரு அருள்தாசு. போன எலெக்சன்ல ஒரு சுயேச்சை சின்னத்துக்கு வெட்டுன கொடை அட்டை பையில இருந்துச்சாம். மழைக்கும் கொடைக்கும் பொருத்தம்னாரு."

பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "ஊர்ல நாலு பேரு வந்து கேட்டுட்டாங்க சார். உங்க சாரு ஓட்டுக்கு இன்னா தருவாருன்னு" என்றார். தாழ்த்திய குரல் ஜீப் டிரைவர் வரைக்கும் கேட்டது.

நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் அதிகாரியிடம் சொன்னேன். நீலம், பேப்பர், சிவப்பு, பன், டீ. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அளவுகளைக் கேட்டார். கொடுத்தேன். பெட்டி அடைபட்டிருந்த நாட்களின் வெப்ப அளவை அடித்துவிட்டு, காரணம் என்ற இடத்தில் ஒரே வார்த்தை எழுதியிருந்தேன்: 'தேர்தல்.'

அதைப் பார்த்ததும் மனிதர் சிரித்தார் பாருங்கள்... கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"எங்க ஆபீஸ்ல எல்லா ஃபைல்லயும் இதைத்தான் எழுதணும். எவனும் எழுதமாட்டான்."

உண்மைதானே? இரண்டு வருஷத்தில் என் சின்னத் திட்டம் மூன்று அரசாங்கங்களைப் பார்த்துவிட்டது. நாலாவது வரப்போகிறது. ஒவ்வொரு தடவையும் ஃபைல் மேலே போகும், 'புதிதாகப் பரிசீலிக்க' என்று கீழே வரும். யாரும் எதிரி இல்லை. யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அருள்தாஸ் சொன்ன ரூல்தான். விஞ்ஞானிகள் நாங்கள் ஒரு இடத்தைச் சுத்தமாக வெள்ளையடித்து, எல்லோருக்கும் புரியும் என்று பேசாமல் வந்துவிடுகிறோம். பட்ஜெட் போடுகிறவர் பார்க்கிறார் — யார் பெயரும் இல்லையே, காலி போலிருக்கிறது!

அதிகாரி தொட்டியைப் பார்த்தார். மழைமானியைப் பார்த்தார். வேலை சுத்தம் என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"ஆனா ஒண்ணு சார். இந்த வருஷம் முழு பட்ஜெட் இன்னும் போடல. கைச்செலவுக்குத்தான் பார்லிமெண்ட்ல அனுமதி வாங்கியிருக்கு. நாலு மாசத்துக்கு நான் எழுதித் தர்றேன். ஏப்ரல்லேர்ந்து ஜூலை. மீதியைப் புது அரசாங்கம் வந்து பாக்கட்டும்."

"எனக்கு மழை அக்டோபர்லதானே ஆரம்பிக்கும்?"

"தெரியும்."

"நாலு மாசப் பணத்துல வெயிலை மட்டும்தான் அளக்கலாம்."

"அதுவும் தெரியும் சார்" என்றார். நல்ல மனிதர். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "புது மந்திரி யார்னே தெரியாதப்ப நான் யார்கிட்ட போய்க் கேக்கறது? வந்ததும் கேட்டுப் பாக்கறேன். உறுதி சொல்லமாட்டேன்."

ஒருவருக்கு ஐந்து வருஷத்துக்கு ஓட்டுப் போடுகிறோம். ஒன்றரை வருஷத்தில் திரும்ப வந்து நிற்கிறார். பணத்துக்குத் தவணை நாலு மாதம். வடகிழக்குப் பருவமழைக்கு மட்டும் இதையெல்லாம் யாரும் சொல்லி வைக்கவில்லை. அது பாட்டுக்கு அக்டோபரில் வந்து இறங்கும். அன்றைக்குப் பெட்டியைத் திறந்து பார்க்க ஆள் இல்லையென்றால், அதற்காக மறுபடி பெய்யுமா?

ஜீப் கிளம்பியது. புழுதி அடங்கவில்லை. ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். நாங்கள் பேசியது முழுக்க அவர் காதில் விழுந்திருக்கிறது.

"சார், இருங்காட்டுக்கோட்டப் பக்கம் ஒரு ஷெட்டுல வாட்ச்மேன் வேலைக்கிக் கூப்புடுறாங்க. ஆடி முடிஞ்சதும் வந்துடுன்னு சொல்றாங்க. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

"ம்."

"பட்ஜெட்டு, மந்திரி, அதெல்லாம் எனக்குப் புரியல சார். ஆகஸ்டுலேர்ந்து நான் இங்க வரட்டுமா, வேணாமா? அத்த மட்டும் சொல்லுங்க."

டெல்லியில் ஒருத்தராலும் பதில் சொல்ல முடியாத கேள்வி. ஏழுமலையோ அவசரப்படவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நேரமாகிவிட்டது என்று மட்டும் ஒரு தடவை வெயிலைப் பார்த்துக்கொண்டார்.

"வா" என்றேன்.

மறுநாள் காலை, மனம் மாறுவதற்கு முன்னால், தபால் ஆபீசுக்குப் போய்ச் சேமிப்புக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை எட்டு மாதம், ஏழுமலைக்குச் சம்பளம் மாதம் நானூற்றைம்பது. ஓரெழுத்துப் பதிலுக்கு மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.