அம்சவல்லி வீட்டு வாசல்

அம்சவல்லிக்கு வாய் நீளம் என்பார்கள் தோட்டத்தில். இருக்கட்டுமே! தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, அதே லயத்தில் சில வாசல் தள்ளி வாக்கப்பட்டு, முதுகில் கூடையோடு தேயிலைச் சரிவில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு அந்த வாயைத் தவிரச் சொந்தமென்று என்ன இருந்தது?

குடியிருந்த வீடும் தோட்டத்துடையதுதான். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் ஆபீசில் கேட்க வேண்டும். மாதம் ஒரு தடவை அந்த ஆபீசின் கணக்கர் தலைவர், பெரிய கிராணி சின்னையா, லயம் பார்க்க வருவார். கார் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்து போட்டுவிட்டு, குடும்பத்தோடு வெளியே வந்து வரிசையாக நிற்க வேண்டும். அவர் பாட்டுக்கு அடுப்படி வரை போய்வருவார். ஒருமுறை அம்சவல்லி காய்ச்சலில் படுத்திருந்தாள். அப்போதும் அப்படித்தான் நுழைந்தார். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பியவளுக்கு அந்த ஆத்திரம் ஆறவே இல்லை.

“கேக்காம யாரும் நுழைய முடியாத வீடு ஒன்னு வாங்கி, அதுல பால் காய்ச்சாம நான் கண்ண மூட மாட்டேன்” என்றாள் கணவன் இருளப்பனிடம். அவன் சிரித்தான்.

சிரித்தவனையும் சும்மா விடவில்லை அவள். வேலை விட்டு வந்ததும் லயத்துக்குப் பின்னால் இருவரும் மண்ணைக் கொத்தினார்கள். பூவும் கீரையும் கியா பார்ம் சந்தைக் கடைகளுக்குப் போயின. புதுச்சேலை இல்லாமலே தீபாவளிகள் கழிந்தன. எண்பத்து மூன்றாம் வருஷம் தானா ராத்தா டவுனுக்கு வெளியே, ஒரு மேட்டில், சீனர் ஒருவர் விற்ற பலகை வீட்டை வாங்கியே விட்டார்கள். சிங்க் தகரக் கூரை, இரண்டு அறை, பின்சரிவில் சவ்சவ் பந்தல். பனி விலகினால் வாசலிலிருந்து டவுன் முழுக்கத் தெரியும். கதவுக்கு அவளே நீலப் பெயிண்ட் அடித்தாள்.

பால் காய்ச்சும் நாளில் லயத்துச் சனம் பாதி அங்கே இருந்தது. எல்லாரும் அடுப்பைச் சுற்றி நிற்க, பால் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. கீழே ஒரு கார் வந்து நின்றது.

“கிராணி வந்துட்டாருலா!” என்று யாரோ சொன்னதுதான் தாமதம், மொத்தக் கூட்டமும் வெளியே ஓடியது. முதல் ஆள் இருளப்பன். கதவை அகலத் திறந்து வைத்து, கையைக் கட்டிக்கொண்டு, சொந்த வீட்டுக்கு வெளியே வரிசையில் நின்றான்! இவர்களே போய் அழைத்த விருந்தாளிக்கு!

அம்சவல்லி மட்டும் அடுப்படியிலேயே நின்றாள். பால் பொங்குகிற நேரம், அடுப்பை விட்டு நகரவும் முடியாது. உள்ளேயிருந்தே கத்தினாள்.

“ஏங்க, இது என்ன லயமா? யாரு வீடுங்க இது? எல்லாரும் உள்ள வாங்க!”

இருளப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான். கையைப் பிரித்துவிட்டு உள்ளே வந்து அவள் பக்கத்தில் நின்றான். பின்னாலேயே சனமும் வந்தது. பால் பொங்கி வழிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

அதற்குள் சின்னையா படியேறிவிட்டார். பழக்கத்தில் ஒரு காலை உள்ளே வைத்தவர், அம்சவல்லியின் பார்வையைக் கண்டு பின்னால் எடுத்துக்கொண்டார்.

“உள்ள வரலாமா, அம்சவல்லி?”

வா என்று சொல்ல அவளுக்கு ஆசைதான். எத்தனை வருஷத்து ஆசை! ஆனாலும் கணவனைக் கைகாட்டினாள்.

“வீட்டுக்குச் சொந்தக்காரரு இவருதான். இவரக் கேளுங்கய்யா.”

சின்னையா இருளப்பன் பக்கம் திரும்பினார்.

“வரலாமா, இருளப்பன்?”

வாழ்நாளில் யாரும் அவனிடம் எதற்கும் உத்தரவு கேட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, “வாங்க” என்றான். ‘ஐயா’ போடவில்லை.