முஸ்லிஹிடம் கேட்கக் கூடாத கேள்வி

அமெரிக்காவில் எங்கள் டியர்போர்ன் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள் நஜ்வா. அவள் கணவன் முஸ்லிஹ். இரட்டைக் கோபுரங்கள் விழுந்த ஆண்டு, நவம்பரில், அவனை விசாரிக்க வருவதாக அரசாங்கக் கடிதம் வந்தது. ஏமனில் பிறந்தவன் என்பதைத் தவிர அதில் வேறு காரணம் இல்லை.

"கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லி அனுப்பிடுவோம்," என்றான் முஸ்லிஹ். நஜ்வாவோ வக்கீலை வரவழைத்தாள்.

"மறைக்க ஒண்ணும் இல்லைன்னா வக்கீல் எதுக்கும்மா?" என்றார் வந்த அதிகாரி.

"ஒண்ணும் இல்லதான் சார். குண்டு வெடிச்சா என் பஸ்ல வர்ற பிள்ளைங்களும்தான் சாகும். நீங்க தேடத்தான் வேணும். அவர் என்ன செஞ்சார்னு கேளுங்க, சொல்வார். எந்தப் பள்ளிவாசல்ல தொழறார்னு கேக்காதீங்க."

அதிகாரி தன் தாளிலிருந்த சில கேள்விகளை விட்டுவிட்டார். அரை மணியில் கிளம்பியவர் திரும்பி வரவில்லை.

ஆனாலும் முஸ்லிஹ் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போவதை நிறுத்திவிட்டான். அங்கே வருபவர்களின் கார் நம்பரை அரசாங்க ஆட்கள் குறித்துக்கொள்வார்களாம். மூன்று வாரம் பொறுத்த நஜ்வா, அடுத்த வெள்ளியன்று அவனைத் தன் காரில் ஏற்றிப் பள்ளிவாசல் வாசலிலேயே நிறுத்தினாள்.

"என் நம்பரை எழுதிக்கட்டும். நீங்க உள்ள போங்க."

அவன் இறங்க வெகுநேரம் ஆனது. அவள் அவசரப்படுத்தவில்லை.