காம்பராவுக்குள் வந்த இருமல்

மடுல்கெல்லயில் ஆடி மாதம் மழை பிடித்துக்கொண்டால் வெயிலை மறந்துவிட வேண்டியதுதான். நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். எனக்கு அப்போது கைப்பிள்ளை, மூன்று மாதப் பெண். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், எங்களுக்கு ஒரே ஒரு அறை, ஒரே காம்பரா. அதற்குள் நாங்களும் கொழுந்தனார் குடும்பமுமாக ஒன்பது பேர். குளிருக்குக் கதவைச் சாத்தி, சன்னலில் சாக்கைத் திணித்து, அடுப்புப் புகையோடு கிடப்போம். ஒருவர் விட்ட மூச்சைத்தான் அடுத்தவர் இழுத்தோம்.

முதலில் கோடிக் காம்பராவில் யாரோ இருமினார்கள். இரண்டே நாளில் லயம் முழுக்க இருமியது. கண்டியிலிருந்து வந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வாசலில் நின்றபடியே சொன்னார்:

"கதவு சன்னலைத் திறந்து விடுங்கோ. பிள்ளையளைத் தள்ளிப் படுக்க வையுங்கோ."

"எங்கிட்டுங்க ஐயா தள்ளுறது? செவத்துக்குள்ளயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் அடுத்த காம்பரா வாசலுக்கு நகர்ந்தார். அதே மழையும் பனியும் தோட்டத்துத் துரையின் பங்களாவிலும்தான் இறங்கின. அங்கே துரைக்கு இருமல் வந்தது. ஓர் அறையில் படுத்தார். அந்த அறையோடு முடிந்தது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மகளுக்காகச் சன்னல் சாக்கைப் பிடுங்கிப் போட்டேன். பிள்ளைகள் நடுங்குவதைப் பார்த்துக் கொழுந்தனார் பெண்சாதி மறுபடி அடைத்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

அதற்குள் பக்கத்துக் காம்பராக்காரிக்குக் காய்ச்சலில் பால் வற்றிவிட்டது. எங்கள் லயத்தில், பால் உள்ளவள் இல்லாதவளின் பிள்ளைக்கும் கொடுத்தாக வேண்டும். மறுத்தவள் வீட்டில் பிறகு யாரும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். காய்ச்சல்காரியின் புருஷன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, ஒரு வாய் குடுங்க. பசியில கத்துது."

பிள்ளையின் நெஞ்சு கர் கர் என்றது. டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. தெரிந்தேதான் வாங்கினேன். ஒரு பக்கம் அது, மறு பக்கம் என் மகள். இரண்டும் என் மார்பில் முகத்தோடு முகம் முட்டிக்கொண்டு குடித்தன.

நாலாம் நாள் மகளுக்கு மூச்சு வாங்கியது. மாதா படத்துக்கு முன்னால் வைத்து அழுதேன், வேறென்ன செய்ய? ஆறாம் நாள் தேயிலைக்கு நடுவில் புதைத்தோம். பக்கத்துக் காம்பராப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அது போய் என் மகள் இருந்திருக்கக் கூடாதா என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் பக்கத்துக் காம்பராக்காரியின் புருஷன் பிள்ளையோடு மறுபடி வாசலுக்கு வந்தான். தலையை நிமிர்த்தவில்லை. பால் கட்டி எனக்கு மார் வலித்தது. கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினேன்.