பத்து நாளை இரண்டு செக்கனாக்கிய கதை

"பிள்ளைங்களோட நாத்தெல்லாம் கருகிப் போச்சுங்க. அடுத்த மாசம் செயல்முறைப் பரீட்சைக்குப் புள்ளி போடணும், காட்ட ஒண்ணுமில்ல," என்று உக்குவளைப் பள்ளிக்கூடத்து விவசாய டீச்சர் போனில் சொன்னார். எங்கள் புத்தகத்தைப் பார்த்து வளர்த்த மிளகு நாற்றுகள் அவை.

மாத்தளையில் ஒரு கடைக்கு மேல்மாடியில் வீடியோ சேர்த்த டிஜிட்டல் பாடப்புத்தகம் செய்துகொண்டிருந்தோம். எழுதுவது பெர்னடெட் மிஸ், எடிட்டிங் நான், எல்லாம் முடிந்தபின் குறை சொல்வது முதலாளி. பக்கத்தின் நடுவில் ஒரு கட்டத்தைத் தொட்டால் படம் ஓடும். அதைத் தொட்டுத் தொட்டே நாங்கள் மூவரும் பொழுதைப் போக்கியிருக்கிறோம். அந்தப் புழுக்கமான அறைக்கு இப்போதும் மனம் ஏங்குகிறது.

மிளகுப் பாடத்தைப் பல்லேபொலயில், ஊரே அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ரவூப் நானாவின் தோட்டத்தில் படம் எடுத்தோம். பொலித்தீனால் மூடிய நாற்றுகள் துளிர்த்ததும், அவை வெளி வெயிலுக்கும் காற்றுக்கும் பழகட்டும் என்று பத்து நாளாக மூடியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார். தினமும் ஒரே காட்சி. எனக்கு அலுத்துவிட்டது. மூடியது, திறந்தது என்று இரண்டு செக்கனில் வெட்டி முடித்துவிட்டேன். சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும் என்று மிஸ் வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தார். அது போதும் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போய், "கீழ எழுதியிருந்ததப் படிக்கலையா?" என்று பிள்ளைகளிடம் கேட்டேன்.

"படிச்சோம் சேர். ஆனா ரவூப் நானா வீடியோவுல ஒரேயடியாத் திறந்தத கண்ணால பார்த்தோமே," என்றாள் ஒரு மாணவி.

அங்கிருந்து நழுவி, நேரே நானாவிடம் போனேன். நடந்ததைச் சொல்லி, அவரிடம் இன்னும் மூடியோடு இருந்த நாற்றுகளைப் பிள்ளைகளுக்காகக் கேட்டேன்.

"தாறேன் தம்பி. வெட்டுனது நீதான்னு புள்ளைங்ககிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல நானா."

"முதல்ல அதச் சொல்லு. அப்புறம் வந்து நாத்த ஏத்து."

மறுநாள் வகுப்பில் நின்று, வெட்டியது நான்தான் என்று சொன்னேன். வெட்கத்தில் காது சுட்டது. அந்த மாணவி என்னைத் திட்டவில்லை. "அப்ப நானா சரியாத்தான் செஞ்சிருக்காரு!" என்று பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள்.

நானா தந்த நாற்றுகளை அவர்களே பத்து நாளில் திறந்தார்கள். புள்ளியும் கிடைத்தது. வீடியோவில் பத்து நாளையும் திரும்பச் சேர்த்தேன். நீளம் என்று முதலாளி முணுமுணுத்தார். இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. வெட்டுவதற்கு முன், கமராவுக்கு முன்னால் நின்றவரை நினைத்துக்கொள்ளுங்கள். நம் தவறு அவர் பெயரில்தான் போய்ச் சேரும்.