ஓட்டை விட்டுப் பின்னிய தொப்பி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவன் நான். துணியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். உடனே சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவேன். தோசையில் ஓட்டையைப் பார்த்தால்கூட என் கை ஸ்டிக்கரைத் தேடும் என்று மனைவி கிண்டல் செய்வாள். அது அவள் சிரித்துக்கொண்டிருந்த காலம்.

முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. அதற்குள் நான் கம்பெனியில் மிஞ்சிய குட்டிக் குட்டிச் சட்டைகளை வாங்கிவந்து பீரோவை நிரப்பியிருந்தேன். இரண்டாவது உண்டானதும் அவள் சொன்னது ஒன்றுதான்.

"கொழந்தை கைக்கு வர்ற வரைக்கும் ஊட்டுக்குள்ள புதுசா ஒண்ணும் வரக் கூடாதுங்க."

பிறந்த பிள்ளைக்கு முதலில் பழந்துணி போடுவதுதான் எங்கள் வழக்கம். அதற்காகப் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து, ஒரு பையில் போட்டு பீரோ மேல் வைத்தேன். ஒன்பதாம் மாதம் தொடங்கியும் அவள் அந்தப் பையை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பிள்ளை வரும் என்பதையே அவள் நம்பவில்லையோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் கம்பெனிக்கு ஒரு குழந்தைத் தொப்பி சாம்பிளாக வந்தது. கொக்கி ஊசியால் பின்னியது. கூடவே பின்னும் விதத்தைக் காட்டும் படம். வழக்கமாக வரும் தாள்களில் இங்கிலீஷ் கொட்டிக் கிடக்கும். இதில் ஓர் எழுத்துகூட இல்லை. நடுவில் ஒரு வளையம், சுற்றிலும் குச்சிகள், குச்சிகளுக்கு இடையே முட்டை முட்டையாகச் சின்ன வட்டங்கள். பார்த்ததுமே பிடித்துப்போனது. நூலும் ஊசியும் வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் பின்ன உட்கார்ந்தேன். வீட்டுக்குக் கொண்டுபோகத் தைரியம் இல்லை.

குச்சி என்றால் நெட்டைப் பின்னல், முட்டை என்றால் சங்கிலிப் பின்னல் என்று வீடியோ பார்த்துப் புரிந்துகொண்டேன். ஆனால் முட்டை வருகிற இடத்தில் எல்லாம் இடைவெளி விழுந்தது. ஓட்டை! படம் போட்டவனுக்கும் சாம்பிளைப் பின்னியவனுக்கும் தொழில் தெரியவில்லை என்று நானே முடிவுகட்டி, முட்டைகளை விட்டுவிட்டுக் குச்சிகளை நெருக்கி நெருக்கிப் பின்னினேன். ஓர் ஓட்டை இல்லை. தொப்பி கொட்டாங்குச்சி மாதிரி சின்னதாகச் சுருங்கி விறைத்து நின்றது. பிரித்தேன். கையைத் தளர்த்திப் பின்னினேன். மறுபடியும் கொட்டாங்குச்சி.

"ஏனுங் தம்பி, எலுமிச்சம்பழத்துக்குத் தொப்பி போடறீங்களா?" என்றார் பேக்கிங் பார்க்கும் அக்கா.

எனக்கு வீம்பு ஏறிவிட்டது. அதே நூலைப் பிரிப்பதும் பின்னுவதுமாக நாட்கள் போயின. ஒருநாள் அளவு பார்ப்பதற்காக சாம்பிள் தொப்பியை இழுத்துப் பிடித்தேன். அந்த ஓட்டைகள்தான் விரிந்து இடம் கொடுத்தன. அவற்றை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள். அதன்பிறகு முட்டைகளையும் விடாமல், படத்தில் உள்ளபடியே சுற்றிச் சுற்றிப் பின்னினேன். ஒவ்வோர் ஓட்டைக்கும் கை கூசத்தான் செய்தது.

முடித்து எடுத்துப்போய் அவளிடம் நீட்டினேன். முகம் இறுகிவிட்டது.

"புதுசு வேண்டாம்னு சொன்னனுங்களே."

"புதுசு இல்ல கண்ணு. தொட்டுப் பாரு."

பிரித்துப் பிரித்துப் பின்னியதில் நூல் பிசிறடித்து, என் கைவியர்வை ஏறி நிறம் மங்கி, பல வருஷம் உடுத்திய துணி போல மெத்தென்று ஆகியிருந்தது. நான் பட்ட பாட்டையெல்லாம் சொன்னேன். அவள் தொப்பியைத் தன் கைமுட்டியில் மாட்டி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தனை ஓட்டையா இருக்குது. நீங்களா உட்டீங்க?"

"படத்துல அப்படித்தான் போட்டிருக்குது."

சிரித்துவிட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். தொப்பியைக் கழற்றாமலேயே அந்தக் கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"பீரோ மேல இருக்கற அந்தப் பையை எடுங்க."