மூன்றாவது சுருட்டு

ஜெனித்துக்குக் காய்ச்சல் விட்ட மறுநாள், அவன் மனைவி ரெனி நெத்திலிக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். அடுக்களை வாசலில் வந்து நின்ற ஜெனித், இன்றைக்கு என்ன கூட்டு என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்து அவள் சிரித்தாள். அவன் உள்ளே வந்து சட்டியின் மேல் குனிந்தான். எண்ணெய்ச் சூடு முகத்தில் அடித்தது. வாசனை மட்டும் வரவே இல்லை.

வேறு ஒருவனுக்கு அது சின்னக் குறை. ஜெனித்துக்கு மூக்குதான் பிழைப்பு. துபாயில் பெரிய ஹோட்டல் ஒன்றின் சுருட்டு அறையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன். சங்கரன்கோவிலுக்குத் திரும்பிய பிறகு, திண்டுக்கல்லில் கையால் உருட்டிய உயர்ந்த ரகச் சுருட்டுகளை ஏற்றுமதி செய்யும் முகம்மது அர்ஷத்துக்குச் சுவை பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். மாதிரிகள் கூரியரில் வரும். இவன் சரி என்று எழுதினால்தான் அங்கே பெட்டியில் அடுக்குவார்கள்.

மூக்கு போனதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் வந்த மாதிரிக்குப் பழைய நோட்டைப் பார்த்து, 'முந்திரி வாசம், கடைசியில் லேசான மிளகு' என்று எழுதி அனுப்பிவிட்டான். அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று சுருட்டுகள் வந்தன. வெளிநாட்டு வியாபாரி திங்களன்று வருகிறார், மூன்றில் எதைக் காட்டலாம் என்று சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள் அண்ணே என்று அர்ஷத் செய்தி அனுப்பியிருந்தான்.

ஜெனித் மாடிக்குப் போனான். முதல் சுருட்டை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தான். எங்கும் மெத்தென்று இல்லை, மேலிலையில் நரம்பு துருத்தவில்லை. நுனியை வெட்டி, பற்ற வைக்காமலே ஒருமுறை இழுத்தான். காற்று தடையில்லாமல் வந்தது. பற்ற வைத்ததும் சாம்பல் வெள்ளையாக ஒரு அங்குலம் உதிராமல் நின்றது. கையும் கண்ணும் சொன்னது அவ்வளவுதான். புகையை வாயில் நிறுத்தினால் கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் சூடு, வேறு ஒன்றுமில்லை. வெந்நீரைக் கொப்பளித்தது போல இருந்தது.

இரண்டாவதைப் பற்ற வைத்தபோது மேல்காற்று பலத்துவிட்டது. சுருட்டு ஒரு பக்கமாகவே எரிந்தது. இது காற்றின் கோளாறா, சுருட்டின் கோளாறா என்று தெரியாமல் அணைத்துவிட்டுக் கீழே வந்தான். நாக்கைக் கழுவப் பால் சேர்க்காத தேநீருக்கு அடுப்பில் தண்ணீர் வைத்தான். பக்கத்து அறையில் உட்கார்ந்து பழைய நோட்டைப் புரட்டினான். எந்தப் பக்கத்திலிருந்து எடுத்து எழுதலாம் என்பதிலேயே மனம் சுற்றியது. அடுத்த தெரு விசைத்தறிச் சத்தத்தில் தண்ணீர் பொங்கியது கேட்கவில்லை. கடைசியில் மூன்றாவது சுருட்டை எடுத்தான். தீப்பெட்டியைத் திறந்தான்.

"ஏங்க, அதக் கீழ வையுங்க. உரசிராதீய."

கரிவலம்வந்தநல்லூர் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்த ரெனி செருப்போடு வாசலில் நின்றாள். குரல் உயரவில்லை, ஆனால் முகம் வெளுத்திருந்தது. நேராக அடுக்களைக்குப் போய் சிலிண்டரை மூடினாள். மேல்காற்று அடிக்கிறதென்று சாத்தியிருந்த ஜன்னல்களை எல்லாம் திறந்தாள். பொங்கிய தண்ணீரில் அடுப்பு அணைந்து, கேஸ் வீடு முழுக்க நிறைந்திருந்தது.

"கேட்டுக்கு வெளியவே நாத்தம் அடிக்கு. உள்ள இருக்க உங்களுக்குத் தெரியலியா?"

"தெரியல," என்றான். "எனக்கு எதுவுமே தெரிய மாட்டேங்கு, ரெனி. காய்ச்சல்ல போனது."

அவள் செருப்பைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு வந்தாள். "கருவாடு வறுத்தன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா," என்றாள். பிறகு போனை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "அர்ஷத்துக்குப் போடுங்க."

அர்ஷத் முழுதும் கேட்டான். 

"அப்போ போன வாரம் எழுதினது?"

"பொய்யி. பழைய நோட்டப் பாத்து எழுதினேன்."

"அந்தப் பெட்டி இன்னும் குடோன்ல தான் இருக்குண்ணே. நாளைக்கு ஏத்தறதா இருந்தேன்." அவன் குரலில் கோபம் இருந்தது. "நிறுத்தி வைக்கிறேன். இப்போ இந்த மூணுக்கு நான் யாரைக் கேப்பேன்?"

ஜெனித் மாடிக்கு ஏறி, சுவரின் மறைவில் உட்கார்ந்து மூன்றாவதைப் பற்ற வைத்தான். பழக்கத்தில் புகையை மூக்கு வழியாக விட்டான். சுரீர் என்று ஏறியது. கண் கலங்கியது. வாசனை தெரியாத மூக்குக்கும் எரிச்சல் தெரிந்தது. உடனே மறுபடி போன் போட்டான்.

"அர்ஷத், மூணாவது வேண்டாம். இல இன்னும் பதமாகல, அவசரமா எடுத்துட்டாங்க. ருசி எனக்குச் சொல்லத் தெரியாது. எரியுதது மட்டும் சொல்லுதேன். ரெண்டாவது காத்துல சரியாப் பாக்க முடியல. மொதல்ல உள்ளது உருட்டு நல்லாருக்கு, அத வேற ஆள வச்சு ருசி பாரு."

அர்ஷத் திண்டுக்கல்லில் அந்த மூன்றாவது ரகத்தில் ஒன்றை எடுத்துப் பற்ற வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டான். மூன்றாவதைப் பற்றி ஜெனித் சொன்னது சரி. ஆனால் ருசிக்கு இனி வேறு ஆள் என்றான். உருட்டும் எரியும் விதமும் பார்க்க மட்டும் மாதிரிகளை அனுப்பினான். அண்ணே என்று கூப்பிடுவதை விடவில்லை. முன்பு போல வீட்டுக் கதை பேசுவதை விட்டுவிட்டான்.

திருநெல்வேலி டாக்டர், மூக்கு திரும்பினாலும் திரும்பலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். கிராம்பு, எலுமிச்சைத் தோல், யூகலிப்டஸ் எண்ணெய் என்று தினமும் முகர்ந்து பழகச் சொன்னார். பள்ளிக்கூடம் கிளம்புமுன் ரெனி அவன் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக மூக்கருகில் நீட்டுவாள்.

ஏழாவது வாரம் ஒருநாள், அவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "கிராம்பு மாதிரி இருக்கு. இல்ல, நெனப்பா இருக்கும். எதுக்கும் இன்னொரு தடவ காட்டு."